பூலாங்கரை ஓட்டுப் பள்ளிக்கூடத்துப் பற்கள்

பூலாங்கரைக்காரர்களை எதையும் நம்ப வைத்துவிடலாம், ஆச்சரியப்பட வைக்கத்தான் முடியாது. அதனால்தான், ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுக்கப் போன கிழடுகளின் வெறும் ஈற்றில், புரட்டாசி மாதத்து ஒரு காலையில், அரிசி அரிசியாகப் பால்பல் முளைத்தபோது ஊர் வாயைப் பிளக்கவில்லை. முளைத்தவர்களைத் தெருவில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, மேலே ரெண்டு கீழே ஒண்ணு என்று பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

கிழடுகள் பள்ளிக்கூடத்துக்குப் போனதே ஞானசெல்வம் டீச்சரால்தான். அந்த அம்மா அங்கே தலைமையாசிரியை. அஞ்சு வகுப்புக்கும் அவர் ஒரே ஆள், மணி அடிப்பதும் அவர், முட்டை எண்ணுவதும் அவர், மூக்கைச் சிந்தி விடுவதும் அவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் போய் நின்று, "வீட்டுல சும்மா இருக்க பெரியவங்க காலையில கொஞ்ச நேரம் வந்து ஆளுக்கொரு பிள்ளைய வாசிக்க வெச்சாப் போதும், சம்பளம் கிடையாது, டீ உண்டு" என்று சத்தமாகச் சொன்னார். அரிசி மண்டியை மகனிடம் விட்டுவிட்டுப் பொழுது போகாமல் கிடந்த கோமதிநாயகம் வந்தார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற அன்னத்தாய் வந்தாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த வெயிலுமுத்துவும் வந்தார், வீட்டில் மனைவி சுடலைவடிவு அம்மாள் தள்ளிவிட்டதால்.

வெயிலுமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் எந்த பஸ்ஸையும் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்க விடாதவர். கண்டக்டர் டீக் குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரோடு ஏற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வார்? சோறு பிந்தினால் கத்தினார், தபால்காரர் பிந்தினால் கத்தினார், மழை பிந்தினால் மேலே பார்த்துக் கத்தினார். பல் எல்லாம் எப்போதோ போயிற்று. பல்செட்டு ஒன்று கட்டினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி வண்டியைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் அது பறந்துபோய் ஒரு பெண்பிள்ளையின் பூக்கூடையில் விழுந்து, பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அன்றைக்குக் கழற்றியவர்தான், பிறகு போடவே இல்லை. வாயைத் துண்டு நுனியால் மூடிக்கொண்டுதான் பேசுவார். வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் காய்த்துக் குலுங்கும். அதைக் கடிக்க முடியாத கோபத்தில் அணிலை விரட்டிக்கொண்டிருப்பார்.

சரி, பல் எப்படி முளைத்தது? அதைப் பற்றி ஊர் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. அன்னத்தாய்தான் ஒரு வார்த்தையில் முடித்துவைத்தாள்.

"பிள்ளைய எல்லாம் விழுந்த பல்ல சாணியில உருட்டிக் கூரை மேல எறியுதுவ. எத்தனை காலமா எறியுதுவ! அது எங்கயாவது போய்ச் சேரணும்லா? இம்புட்டு நாளா போக்கிடம் இல்லாமக் கெடந்தது, இப்போ பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லுதவிய வாய்க்கு வருது. இதுல என்ன அதிசயம்?"

அவ்வளவுதான். தீபாவளிக்கு மாமா வீட்டுக்கு சங்கரன்கோவில் போன ஒரு பையன் அங்கே மாடியில் எறிந்த பல், மறுநாள் காலை இங்கே கோமதிநாயகத்தின் வாயில் முளைத்தபோது, எந்த ஊர்க் கூரையானாலும் கணக்குத் தப்பாது என்று எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. "சங்கரன்கோவில் பஸ்ஸே அம்புட்டுச் சீக்கிரம் வராதே வே!" என்று வெயிலுமுத்து மட்டும் வயிறெரிந்தார்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அதுவரை பள்ளிக்கூடப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பொக்கைவாயெல்லாம் விடிந்ததும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வாசலில் நின்றது. சண்டை எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கெட்டிக்காரப் பிள்ளைக்கா, மக்குப் பிள்ளைக்கா? இரண்டுக்கும் இல்லை. பல் ஆடுகிற பிள்ளைக்கு! ஒண்ணாம் வகுப்பில் பல் ஆடுகிற பிள்ளையைச் சுற்றி மூன்று தாத்தா, இரண்டு பாட்டி. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளைச் சீந்துவார் இல்லை, அதுகளுக்குத்தான் பல் எல்லாம் மாறிவிட்டதே. கரும்பு கொடுத்தார்கள், எள்ளுருண்டை கொடுத்தார்கள், கடித்து இழுடா கண்ணு என்றார்கள். அ, ஆ சொல்லிக்கொடுக்கிற சாக்கில் வாய்க்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்கள். வாசல் முறுக்குக்காரிக்கு நல்ல வியாபாரம், சாணி விற்கக்கூட வாசலில் ஆள் நின்றது. கோமதிநாயகம் பாடம் சொன்னதைவிடப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிய நேரம்தான் அதிகம். அவருக்கு வாய் நிறையப் பல். "நல்ல வாத்தியார்னா அவருதான், வாயே சொல்லுதுல்லா?" என்று ஊர் மெச்சியது. ஆக, பள்ளிக்கூடத்தில் எல்லாம் முளைத்தது, படிப்பைத் தவிர.

ஞானசெல்வம் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வாசிக்க வைக்க ஆளைக் கூப்பிட்டேன் அண்ணாச்சி, பல் பிடுங்க இல்ல" என்று வெயிலுமுத்துவிடம் புலம்பினார். புலம்பிவிட்டு, யாரும் கை வைக்காத ஒரு பிள்ளையை அவர் தலையில் கட்டினார்.

மூணாம் வகுப்பு, பேர் பவளக்கொடி. குளத்தங்கரையில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டிருந்த, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை. பொங்கல் கழிந்ததும் மேஸ்திரியின் லாரி வரும், சட்டி பானையோடு எல்லோரும் ஏறிப்போய்விடுவார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், மறுபடி பள்ளிக்கூடம் உண்டா என்பதெல்லாம் லாரிக்குத்தான் தெரியும். "போறதுக்குள்ள இவ எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டா பிழைச்சுக்குவா அண்ணாச்சி. இல்லேன்னா அவ்வளவுதான்" என்றார் டீச்சர். பஸ் கிளம்பும் நேரம் தெரிந்துவிட்டால் வெயிலுமுத்து சும்மா இருப்பாரா! துண்டை உதறி வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆனால் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், எள்ளுருண்டையை நீட்டிப் பார்த்தார், அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டது. மற்றவர்கள் வாயில் தினம் ஒரு பல் முளைக்க, இவர் ஈற்றை நாக்கால் தடவித் தடவிப் பார்த்து ஏமாந்தார். ஆமாம், அவருக்கும் ஆசை இருந்தது. ஆசை இருந்ததை நினைத்து அவர்மேல் அவருக்கே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் பிள்ளைமேல் பாய்ந்தது.

"ஏட்டி, வாயைத் தொறந்தா முத்தா உதிந்துரும்? வகுப்புல ஒரு சத்தம் உண்டா உங்கிட்ட? கல்லுப்பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்க!"

பவளக்கொடி கையை விலக்காமலே முதல்தடவையாகப் பேசியது. "நீங்களும் மூடிக்கிட்டுத்தான பேசுதிய?"

பக்கத்து மூலையில் எள்ளுருண்டை கொடுத்துக்கொண்டிருந்த கிழவிகள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலுமுத்துவுக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு, பஸ் ஸ்டாண்டு சிரித்த நாளிலிருந்து சுடலைவடிவு அம்மாளைத் தவிர யாருக்கும் காட்டாத வாயை, துண்டை எடுத்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஆவென்று திறந்தார். பிள்ளை குனிந்து உள்ளே பார்த்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தது பாருங்கள், ஓட்டில் உட்கார்ந்திருந்த புறா எழுந்து பறந்தது. மேலே முன்பல் இரண்டும் இல்லை. விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் முளைக்கவில்லை. வாசித்தால் காற்றுத்தான் வருகிறது என்று பிள்ளைகள் கேலி செய்ததால் வாயை மூடியது, மூடியதால் படிப்பும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பாடம் நடந்தது. அ, ஆ என்று ஒழுங்காக நடத்த வெயிலுமுத்துவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் போர்டு. டிப்போவில் சொல்லி, மாற்றிப்போட்ட பழைய தகர போர்டுகளைத் தலையில் சுமந்து வந்து சுவரில் சாத்தினார். அந்த ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அம்மா, ஆடு என்று கிடக்க, இந்த மூலையில் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், வழி சுரண்டை என்று வண்டி ஓடியது. எளிதாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று வாசித்த பாவூர்சத்திரத்தை இன்று காலையில் அந்தப் பிள்ளை முன்பின் பார்த்ததே இல்லை என்று சொல்லும். கடையநல்லூரில் 'கடை'யைத் தாண்டி ஒரு வாரம் நகராது. "கடைல என்னட்டி பண்ணுத, சாமான் வாங்குதியா? நல்லூருக்கு வா!" என்று வெயிலுமுத்து தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளையும் சளைக்காது, "நீங்க கத்துனா எழுத்து ஓடிருது தாத்தா" என்று போர்டைத் தள்ளிவிடும். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் மறுபடி ஆலங்குளத்திலிருந்து தொடங்குவார்கள். மார்கழி முடிவதற்குள் வண்டி எப்படியோ சுரண்டை போய்ச் சேர்ந்துவிட்டது.

எழுத்து வந்துவிட்டது, பல் வரவில்லை. சுரண்டை வாசித்த அன்று வெயிலுமுத்து கண்ணாடியில் வாயைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மொட்டை! அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"ஏட்டி, விழுந்த பல்ல எந்தக் கூரையில எறிஞ்ச?"

"எறியல."

"எறியலையா! பிறகு?"

பாவாடை நாடாவோடு முடிந்திருந்த ஒரு துணி முடிச்சை எடுத்துக் காட்டியது. உள்ளே இரண்டு பல். "எங்களுக்குக் கூரை இல்லல்லா தாத்தா. தார்ப்பாயில எறிஞ்சா சறுக்கி விழுந்துருது. வீடு கட்டினப் பொறவு எறியலாம்னு அம்மா சொல்லிருக்கு."

வெயிலுமுத்துவின் நாக்கு தானாக முன் ஈற்றுக்குப் போயிற்று. இரண்டு பல். முன்பல். தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் ஓடு. "இங்கனயே எறிஞ்சிருவமா?" என்றார். மாட்டேன் என்றது. எங்கள் வீட்டுக் கூரை இருக்கிறது, கொய்யா மரத்துக்குக் கீழே, அதில் எறி, வேண்டியமட்டும் கொய்யாப்பழம் தாரேன் என்றார். மாட்டேன் என்றது. அது எங்க வீட்டுக் கூரைக்கு என்று முடிச்சை இழுத்துக் கட்டியது. இத்தனை மாதம் கத்திய தொண்டை, சுமந்த தகரம், ஊரின் நக்கல் எல்லாம் சேர்ந்து அவர் வாயில் வந்தது.

"ஒங்களுக்கு எந்தக் காலத்துலட்டி வீடு? பல்ல வெச்சிக்கிட்டு ஊர் ஊராச் சுத்த வேண்டியதுதான்!"

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொள்ள நினைத்தார். கடிக்கவும் பல் இல்லை. பவளக்கொடி எழுந்து போய்விட்டது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. தகர போர்டுகளோடு அவர் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. "ஒரு பல்லுக்கு ஆசைப்பட்டு ஒரு பச்சப்பிள்ளையப் போட்டு இந்தப் பேச்சாப் பேசுவிய?" என்று சுடலைவடிவு அம்மாள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கத் தெரிந்த மனுஷனுக்கு, மன்னிப்புக் கேட்க எது நேரம் என்று தெரியாமல் பொங்கலும் கழிந்துவிட்டது.

லாரி வந்த காலையில் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. பல் முளைத்த பெரியவர்களுக்கெல்லாம் சால்வை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்து, சேவைக்குக் கிடைத்த பலன் என்று பேசினார். கோமதிநாயகம் சால்வையோடு மைக்கில் சிரித்தார். கடைசி வரிசையில் நின்ற வெயிலுமுத்துவின் விலாவில் யாரோ இடித்து, "என்ன வே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஏறலையோ? வாய் காலியா இருக்கே?" என்றார்கள். வெயிலுமுத்து கொட்டகை இருந்த குளத்தங்கரைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். தார்ப்பாய் பிரித்தாயிற்று. அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். எந்த வண்டியானாலும் அங்கே திரும்பித்தான் ரோட்டில் ஏற வேண்டும்.

லாரி அங்கே நின்றுகொண்டிருந்தது, புளியங்குடி பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததால். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றதற்காக வெயிலுமுத்து சாமியைக் கும்பிட்டார். லாரிக்குள் சட்டி பானைகளுக்கு நடுவில், அம்மாவின் இடுப்பை ஒட்டிப் பவளக்கொடி. அவரைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அய்யா, நீங்க சொன்ன அன்னையிலருந்து இவ சோறே ஒழுங்கா உங்கல" என்றாள் தாய். "நாங்களும் ஊருக்கெல்லாம் கல்லு அறுக்கோம், எங்களுக்கும் ஒரு நாள் அமையாமலா போகும்? பிள்ளைட்ட அப்படிச் சொல்லிட்டியளே."

வெயிலுமுத்துவின் கை பழக்கத்தில் உயர்ந்து எதிரே நின்ற பஸ்ஸின் நெற்றியைக் காட்டியது. பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தது. உதடு அசைந்தது.

"புளி... யங்... குடி."

"சத்தமா!" என்று கத்தினார் வெயிலுமுத்து. அழுகையை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"புளியங்குடி! வழி... சேர்ந்தமரம்!" பிள்ளையும் கத்தியது. காற்று பல் இடுக்கில் சீட்டியடித்தது, யாரும் சிரிக்கவில்லை. பஸ் விலகியது, லாரி நகர்ந்தது. அது அடுத்த பஸ்ஸை வாசித்தது, மருந்துக்கடையை வாசித்தது, சுவரொட்டியை வாசித்தது, வாசித்துக்கொண்டே போயிற்று. வெயிலுமுத்து துண்டு கீழே விழுந்தது தெரியாமல், பொக்கைவாயை ஊருக்கே காட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்.

"ஏட்டி, பல்லு பத்திரம்! வேற எவன் கூரையிலயும் எறிஞ்சிராத! ஒங்க கூரையிலதான் எறியணும், கேட்டியா, ஒங்க கூரையிலதான்!"

கேட்டதோ இல்லையோ. பிள்ளை வாசித்ததைப் பார்த்த சாட்சி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர்; அவர்களுக்கு அவரவர் பஸ் பெரிது. ஊரைப் பொறுத்தவரை வெயிலுமுத்து பாடம் சொல்லத் தெரியாதவர், வாயே சாட்சி. சொல்லிப் புரியவைக்க இரண்டு தடவை முயன்றார், வாயைக் காட்டு என்றார்கள். போங்கடா என்று விட்டுவிட்டார்.

மாம்பழக் காலத்தில் கிழடுகளின் பல் ஆடத் தொடங்கியது. ஆடாமல் என்ன செய்யும்? பால்பல்தானே! மாங்கொட்டையோடு கொஞ்சம், சோற்றோடு கொஞ்சம் என்று எல்லாம் விழுந்தது. கோமதிநாயகம் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டித் தன் மாடியில் எறிந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஊர் இதற்கும் ஆச்சரியப்படவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது வாசலில் ஒரு கிழடும் இல்லை, முறுக்குக்காரியும் இல்லை. வெயிலுமுத்து மட்டும் தகர போர்டோடு வந்தார். ஞானசெல்வம் டீச்சர் டீயை நீட்டினார். வெயிலுமுத்து வழக்கம்போலப் பிள்ளைகளிடம் கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் கேட்டு வாங்கிக்கொண்டதெல்லாம் பல் மாறிய அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள். கடிதம் கிடிதம் எதுவும் வரவில்லை. எந்தச் சூளையில் இருக்கிறார்கள் என்று கேட்க ஆளும் இல்லை. வருகிற போகிற லாரிகளையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு திரும்பி வருவார்.

இன்னொரு பொங்கல் போயிற்று, இன்னொரு மாம்பழக் காலம் போயிற்று. ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை வெயிலுமுத்து வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, ஈறு தெறிக்கிறது, காபி எங்கே, வைத்தியர் எங்கே என்று வீட்டை இரண்டாக்கினார். சுடலைவடிவு அம்மாள் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.

"என்னங்க, பல்லு! மேல முன்பல்லு. ரெண்டு!"

நாக்கை வைத்துப் பார்த்தார். இருந்தது. கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இரண்டும் சின்னஞ்சிறிசாக, பக்கத்தில் பக்கத்தில், எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். சுடலைவடிவு அம்மாளுக்குப் பயமாகப் போய்விட்டது, அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை அவள் கண்டதில்லை.

"நேத்து முகூர்த்தம் நல்லதோட்டீ?"

"நல்ல முகூர்த்தம். எத்தனை வீட்டுல பால் காய்ச்சினாவ! ஏன் கேக்கிய?"

வெயிலுமுத்து கொல்லைக்குப் போனார். கைக்கெட்டின கொய்யாக்காயைப் பறித்து வேட்டியில் துடைத்தார். இரண்டு பல்லை வைத்துக்கொண்டு எங்கே கடிப்பது, அணில் மாதிரிச் சுரண்டத்தான் முடிந்தது. சுரண்டிச் சுரண்டித் தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடையில் இறங்கிக் கொய்யாவில் விழுந்தது. பின்னாலேயே வந்த சுடலைவடிவு அம்மாள், ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள்.

"வலி என்ன வலி" என்றார் வெயிலுமுத்து, வாய் நிறையக் கொய்யாவோடு, துண்டால் மூடாமல். "கூரை போட்டுட்டாவட்டீ. போட்டுட்டாவ! ஆனா பாத்தியா அந்தக் கழுதைய, வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம், வாங்க தாத்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சா அவளுக்கு?"